அளவு மூடி

என் இடது தோளை உடைத்தவன் வீட்டுக்கு, உடைந்த தோளைத் தொட்டில் கட்டிக்கொண்டு நானே நடந்து போனேன். அவனாக வரட்டும் என்று பதினோரு நாள் பொறுத்துப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒற்றைக் கையால் பொத்தான் போடத் தெரியாமல் பாதிச் சட்டை திறந்தபடியே கிளம்பினேன். அவன் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது என்றிருந்தது.

சட்டைப் பையில் ஒரு படிவம் மடித்து வைத்திருந்தேன். மறுநாள் பத்து மணிக்குக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுக்க வேண்டியது. மொத்தம் ஒன்பது கேள்விகள். ஏழாவது கேள்வி இது: ‘சம்பவ நேரத்தில் சக பணியாளர் மது அருந்தியிருந்தாரா? அருந்தும் வழக்கம் உண்டெனில், எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும்?’ அன்றைக்கு அவனை யாரும் ஊதச் சொல்லிப் பார்க்கவில்லை. என்னை வண்டியில் ஏற்றுகிற அமளியில் அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆகவே நான் எழுதுவதுதான் சாட்சி. ‘ஆம்’ என்று எழுதினால் அவன் லைசென்ஸ் அன்றைக்கே போய்விடும். அவன் குடுமி என் கையில் இருக்கிற அந்த நினைப்பு எனக்கு இதமாகவே இருந்தது. பொய் சொல்வானேன்.

நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். இந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்யக் கூடாது. ஒருவன் மொட்டைமாடிக்கும் மேலே இருக்கிற மோட்டார் அறையில் நிற்பான். இன்னொருவன் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி இருட்டுக்குள் வேலை பார்ப்பான். கரண்டை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமென்றால், மேலே இருப்பவன் ஒரு கையால் பிரேக்கைத் திறந்து, மறு கையால் மோட்டார் சக்கரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றுவான். கீழே இருப்பவன் வாக்கிடாக்கியில் வார்த்தை கொடுப்பான். ‘கீழே, ஒரு அடி’ என்றால், மேலே இருப்பவனும் ‘கீழே, ஒரு அடி’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாமல் பிரேக்கில் கை வைக்கக் கூடாது. எங்கள் தொழிலுக்குச் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

வெளியாட்கள் நம்பாத விஷயம் ஒன்று உண்டு. காலிப் பெட்டியின் பிரேக்கைத் திறந்தால் அது கீழே விழாது, மேலே ஏறும். கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எதிர்எடை காலிப் பெட்டியைவிடக் கனம். அந்தக் கனத்தை அடக்கிப் பிடிக்கச் சக்கரத்தில் ஆள் வேண்டும். எங்கள் ஆள் அதற்கென்றே அளவெடுத்துச் செய்தவன். நூற்று நாற்பத்திரண்டு கிலோ. சக்கரத்தைக் கையால் பிடிக்கிற வழக்கமே அவனிடம் கிடையாது. இடுப்பைச் சாய்த்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி நிற்பான், சக்கரம் இம்மியும் அசையாது. கம்பெனியில் அவனுக்கு ‘வெயிட்டு’ என்று பெயர். பன்னிரண்டு வருடம் அவனை மேலே நம்பி நான் கீழே நின்றிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் அறைக்கு ஏறுகிற இரும்பு ஏணியின் வாயில் அவன் சிக்கிக்கொண்டான். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான் கீழிருந்து தோள் கொடுத்துத் தள்ள, குடியிருப்பவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். இரண்டாவது தடவையும் சிக்கியபோது கம்பெனி டாக்டர், சர்க்கரை, மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, வயிற்றைச் சுருக்குகிற ஆபரேஷனுக்கு அனுப்பினார். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பதினாலு மாதத்தில் எண்பத்தி நாலு கிலோவுக்கு வந்துவிட்டான். பெயர் மட்டும் வெயிட்டு என்றே நின்றுவிட்டது.

குடி அவனுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் ஆறு ரவுண்டு போனாலும் அவன் நாக்கு குழறாது. எங்களையெல்லாம் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவன் அவன்தான். ஆபரேஷனுக்குப் பிறகு தொடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தங்கி நிற்க இரைப்பையில் இடமில்லை, குடித்தது நேரே குடலுக்குப் போய் ரத்தத்தில் ஏறிவிடும், ஏறியது லேசில் இறங்காது, ஒன்று மூன்றுக்குச் சமம் என்றார். ஐந்தாம் மாதம், ஒருவருக்கு வழியனுப்பு விழா வைத்தோம், கம்பெனிக் கிடங்கின் மாடியில். யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள். ஒன்றுதான் குடித்தான். பத்து நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதற்குப் புத்திமதி சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆறில் வராதது ஒன்றில் வந்துவிட்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

பன்னிரண்டு நாளைக்கு முன், மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுபோனது. நான் பெட்டியின் தலைமேல் இருந்தேன். கதவுப் பூட்டு எட்டவில்லை. “கீழே, ஒரு அடி” என்றேன். “கீழே, ஒரு அடி” என்று திருப்பிச் சொன்னான். குரலில் ஒரு பிசிறும் இல்லை. பிரேக் திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டி மேலே ஏறியது. மெல்ல அல்ல, விருட்டென்று. நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தபோது சாய்ந்த மாதிரியே சாய்ந்திருக்கிறான். எண்பத்தி நாலு கிலோவைச் சக்கரம் தூக்கி எறிந்துவிட்டது. அவன் விழுந்ததில் கை பிரேக்கைத் திறக்கிற லீவரை விட்டதால் பிரேக் பிடித்தது. அதற்குள் சுவரிலிருந்த இரும்புத் தாங்கி என் தோளைப் பெட்டியின் கம்பியோடு வைத்து நசுக்கிவிட்டது. இன்னும் அரை அடி ஏறியிருந்தால் நசுங்கியது தலை.

அவன் வீட்டில் மூன்று நாள் அடைமழைக்கு நனைந்த துணியெல்லாம் உள்ளேயே கொடி கட்டித் தொங்கின. ஈர வாடை மூக்கில் அடித்தது. முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின். அவன் மனைவி அதில் உட்கார்ந்து அவனுடைய நீல யூனிஃபார்ம் பேண்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய துணிகளை அளவு குறைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“வாங்கண்ணே. துணியைத் தள்ளிட்டு உக்காருங்க.”

“எங்கம்மா அவன்?”

“உள்ளதான் இருக்காரு, எங்க போவாரு. காலு மரத்துப் போச்சு. முந்தாநாள் ஒத்தைச் செருப்போட கடைக்குப் போயிட்டு வந்திருக்காரு. இன்னொண்ணு வழியில கழண்டது தெரியல. சாப்பாட்டுச் சத்து எதுவும் ஒட்டல, குடி இருக்கறதையும் உறிஞ்சிடுதுன்னு டாக்டர் திட்டறாரு. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா நடையே போயிடுமாம்.”

அவள் பேண்ட்டைத் தூக்கிக் காட்டினாள். “ஏழாவது தடவையா சுருக்கறேன். பின்பாக்கெட் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து ஒட்டிக்கிச்சு. இதுக்கு மேல சுருக்கத் துணி இல்ல.”

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. “யாரு, மச்சானா? தோளு எப்படி இருக்கு?”

“உன் புண்ணியத்துல கம்பி வெச்சிருக்காங்க.”

“உனக்கு வெச்சிருக்கானுங்க. எனக்கு வெட்டி எடுத்துட்டானுங்க. கணக்குப் பாத்தா உனக்குத்தான் லாபம்.”

என் பல் நறநறத்தது. “பதினோரு நாளா எங்கடா போன?”

“வந்து என்ன பண்ணச் சொல்ற? ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்தவா?”

சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான். கன்னமும் கழுத்தும் தோலாகத் தொங்கின. லுங்கியை இடுப்பில் இரண்டு ஊக்கு போட்டு நிறுத்தியிருந்தான். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன், வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்தான். சாயும்போது இடுப்பைத்தான் கொடுத்தான். பழைய பழக்கம்.

அப்போது மிஷின் மேலிருந்த போனில் மணி அடித்தது. சின்ன மணி, மூன்று தடவை. யாரும் அசையவில்லை. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அது என்னம்மா மணி?”

“காலு மணி நேர மணி. இன்னும் போன்ல அழிக்காம கிடக்கு. உங்களுக்குத் தெரியாதா? ஆபரேஷன் முடிஞ்சு அனுப்பும்போது ஒரு தாளும் ஒரு அளவு மூடியும் குடுத்தாங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை முப்பது மில்லி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது, வயிறு கிழிஞ்சிடும்னாங்க. ஒரு மாசத்துக்குத்தான் அந்தத் தாளு. அப்புறம் சாதாரணமா குடிக்கலாம்னாங்க. இவருதான், இல்ல, எனக்கு இதுதான் ஒத்துக்குது, மூடியிலயே குடிக்கறேன்னாரு.” அவனைப் பார்க்காமலே சொன்னாள். “நான் பெருமையா எல்லார்கிட்டயும் சொன்னேண்ணே. என் வீட்டுக்காரரு எவ்வளவு ஒழுங்குன்னு. லீவு நாள்ல மணி வெச்சு, அடிச்ச உடனே அலமாரியில இருக்கற அவரு பாட்டிலை எடுத்து, மூடியில கோடு பாத்து ஊத்தி, கையில குடுத்தேன். ஒம்போது மாசம்.”

“பாட்டில்ல என்ன இருக்குன்னு வாசம் தெரியலையா?”

“தெரியல. சத்து மருந்து கலந்திருக்கு, டானிக் வாடை அடிக்கும்னாரு. டானிக்குன்னா அப்படித்தானே அடிக்கும். நானே மணி அடிச்சு நானே ஊத்திக் குடுத்திருக்கேன். உலகத்துல எந்தப் பொண்டாட்டியாவது பண்ணுவாளா?”

வெயிட்டு சிரித்தான். “டாக்டர் சொன்ன அளவைத் தாண்டி ஒரு நாளும் குடிச்சதில்ல. தாளைப் பாத்துக்கோ. திரவம்னுதான் போட்டிருக்கு. எந்தத் திரவம்னு போடல.”

“சிரிக்காதீங்க” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “செருப்பால அடிக்கணும் போல இருக்கு.”

“அடி. காலுல இருக்கறது தெரியல, முதுகுல விழுந்தா தெரியுதான்னு பாப்போம்.” பிறகு என் பக்கம் திரும்பினான். “உனக்கு என்னடா தெரியும்? ரெண்டு வாய் சோறு போட்டா நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குது. இனிப்பு ஒரு கடி கடிச்சா வேர்த்துக் கொட்டி மயக்கம் வருது. கல்யாண வீட்டுக்குப் போனா இலைய மூடி வெச்சுட்டு எழுந்திருக்கறேன். ஒரு மனுஷனுக்கு ஒண்ணாவது இறங்க வேணாமா? இது ஒண்ணுதான் மறுபேச்சு பேசாம இறங்குச்சு.”

“இறங்குச்சு. காலு வரைக்கும் இறங்கிடுச்சு” என்றாள் அவள்.

எனக்கு இதற்கு மேல் கேட்கப் பொறுமை இல்லை. நான் வந்தது கேட்பதற்கு. ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் என்னைவிட நன்றாக. சரி, பெரிய மனது காட்டிவிட்டுப் போவோம் என்று தோன்றியது. படிவத்தை எடுத்து மிஷின் பலகையில் வைத்தேன்.

“நாளைக்கு இதைக் குடுக்கணும். என் ஒரு வார்த்தையில இவன் சோலி முடிஞ்சிடும். பன்னிரண்டு வருஷப் பழக்கம், உன் முகத்துக்காகப் பாக்கறேன். சக்கரத்துல கிரீஸ் பட்டிருந்துச்சு, கை வழுக்கிடுச்சுன்னு எழுதிடறேன். ஏழாவதுக்கு, இல்லைன்னு போட்டுடறேன்.”

அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். வெயிட்டு தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கேள்வியாக வாய்க்குள் படித்தாள். ஏழாவதில் விரல் நின்றது.

“வேணாம்ணே. உள்ளதை எழுதுங்க.”

“லைசென்ஸ் போயிடும்மா.”

“போகட்டும். நீங்க இல்லைன்னு எழுதினா, அடுத்த வாரமே இவரு மறுபடியும் அந்த ரூமுக்கு ஏறுவாரு. காலு தரையில இருக்கா இல்லையான்னே தெரியாத ஆளு. கீழ எவனோ நிப்பான். அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா. எனக்கு அந்தப் பாவம் வேணாம். வேலைக்குப் போற வரைக்கும் இவரு ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கவும் மாட்டாரு. குடியை நிறுத்தற வார்டுக்கு ரெண்டு தடவை சீட்டு எழுதி வாங்கினேன். ரெண்டு தடவையும் எனக்கு டியூட்டி இருக்குன்னாரு. டியூட்டி இல்லாம போகட்டும், பாப்போம்.”

“வேலை போனா வீட்டோட படுத்துக் குடிப்பான், தங்கச்சி.”

“குடிக்கட்டும். என் கண்ணு முன்னாடி குடிக்கட்டும். நான் மணி அடிக்க மாட்டேன்.”

வெயிட்டு வாயைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நான் பேனாவை எடுத்தேன், பெருமூச்சு விட்டேன், விதி என்பதுபோலத் தலையை ஆட்டினேன். “சரிம்மா, உன் இஷ்டம். ஆமாம்னே எழுதறேன். சம்பவத்தன்னைக்குத்தான் தெரியும்னு போட்டுடறேன்.”

“அன்னைக்குத்தான் தெரியுமா?”

“வேற எப்பத் தெரியும்?”

அவள் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். வந்தவள் என்னை ‘வாங்க மாமா’ என்று கேட்கவில்லை. கையிலிருந்த போனில் ஒரு வீடியோவைத் தட்டி மிஷின் மேல் வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

கிடங்கு மாடி. சிரிப்பு. தண்ணீர்த் தொட்டி. வெயிட்டு கையை ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்கிறான். ‘டாக்டர் வெட்டிப் போட்ருவான்டா’ என்கிறான். ஒரு கை டம்ளரை அவன் வாயருகே நீட்டுகிறது. மணிக்கட்டில் செம்புக் காப்பு. குரல் மட்டும் கேட்கிறது: ‘குடிடா. வயித்தைத்தானே வெட்டினாங்க, வாயை வெட்டலையே.’ சிரிப்பு வெடிக்கிறது.

செம்புக் காப்பு என் வலது கையில்தான் இருந்தது. பேனா பிடித்திருந்த கை. யாரோ ஊற்றினார்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்த யாரோ நான்தான். அந்த ஜோக் அப்போது பிரமாதமாக எடுபட்டது. கம்பெனியில் ஒரு மாதம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு வாரம் ஒருநாள் வேலை முடிந்து நானே அவனைக் கூட்டிப்போனேன். ஒன்றிலேயே அவன் ஆடுகிற ஆட்டம் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பன்னிரண்டு வருடம் என்னைத் தள்ளாடாமல் வீட்டில் இறக்கிவிட்டவனை, நான் தூக்கிக்கொண்டு போய் இறக்குவதில் ஒரு தினுசான சுகம் இருந்தது. சம்பவத்தன்று காலை டீ இடைவேளையில் அவன் பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றிக் குடித்ததையும் பார்த்தேன். வாடையும் வந்தது. பார்த்துவிட்டுத்தான் பெட்டியின் தலைமேல் ஏறினேன். தெரிந்தும் சொல்லாதவனுக்கும் லைசென்ஸ் கிடையாது, எங்கள் கம்பெனியில்.

“இவரு சொல்லவே இல்ல” என்றாள் அவள். “யாரு முதல்ல குடுத்தான்னு ஒம்போது நாளா கேக்கறேன். யாரோன்னுதான் சொல்றாரு. உங்களைக் காட்டிக் குடுக்கல. இவதான் இதைக் கிடங்குல வேலை பாக்கறவரோட பொண்ணுகிட்ட வாங்கிட்டு வந்தா.”

“தங்கச்சி, அது ஒரு விளையாட்டு...”

“இவரு வீட்டுலயும் ஒரு சட்டம் வெச்சிருக்காருண்ணே. கேஸை மூடுன்னு சொன்னா, கேஸை மூடிட்டேன்னு நான் திருப்பிச் சொல்லணும். கதவைப் பூட்டுன்னா, பூட்டிட்டேன்னு சொல்லணும். சொல்லலைன்னா தூங்க மாட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து நான் திருப்பிச் சொல்லிக்கிட்டிருக்கேன்.” படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். “இப்ப நான் சொல்றேன். நீங்க திருப்பிச் சொல்லுங்க. முதல் டம்ளரை ஊத்திக் குடுத்தது நான்தான்.”

மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. தோள் வலிக்கிறது என்று எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

“முதல் டம்ளரை ஊத்திக் குடுத்தது நான்தான்” என்று குரல் வந்தது.

வெயிட்டு சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவு நிலையில் இடுப்பைச் சாய்த்தபடி தரையைப் பார்த்துச் சொன்னான். மேலேயிருந்து வாக்கிடாக்கியில் சொல்கிற அதே குரல், ஒரு பிசிறும் இல்லாமல்.

“உங்களைக் கேக்கல” என்றாள் அவள். “அவரைக் கேட்டேன்.”

போனில் மறுபடியும் மணி அடித்தது. மூன்று தடவையும் அடித்து ஓயும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவர் கண்ணிலும் எனக்கு ஒரு பொட்டுக்கூட இடமில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை.

“முதல் டம்ளரை ஊத்திக் குடுத்தது நான்தான்” என்றேன்.

“எழுதுங்க.”

ஏழாவது கேள்விக்கு நேராக ‘ஆம்’ என்று எழுதினேன். எப்போதிலிருந்து என்ற இடத்தில் பேனா நின்றது. வழியனுப்பு விழாவின் தேதி எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது. அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினேன்.